தேயிலை குடோனுக்கு ஏஜிவியா, ஏஎம்ஆரா? முதலில் நடைபாதையை அளந்துவிடுங்கள்

கேள்வி: குன்னூரில் அப்பா தொடங்கிய தேயிலை குடோனையும், அதை ஒட்டிய பாக்கெட் போடும் பிரிவையும் இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டும் பழைய கல் கட்டடங்கள். லாரி நிற்கும் வாசலிலிருந்து பாக்கெட் பிரிவு வரை சுமார் 80 மீட்டர். ஒரு கட்டடம் மற்றதைவிட 60 சென்டிமீட்டர் தாழ்வு. நடுவில் 6 மீட்டர் நீளத்துக்கு சாய்தளம் போட்டு இணைத்திருக்கிறோம். அடுக்குகளுக்கு இடையே நடைபாதை 2.4 மீட்டர். 30 கிலோ மூட்டைகளை லோடு மேன்கள் கைவண்டியில் இழுக்கிறார்கள். வருடத்துக்கு வருடம் ஆள் குறைகிறது. பேலட்டுக்கு, அதாவது மூட்டை அடுக்கும் பலகைத் தட்டுக்கு, 20 மூட்டை என்று கணக்கு போட்டால் சாதாரண நாளில் 70 நடை, ஏலச் சரக்கு வெளியேறும் நாளில் 110 நடை வரும். தரையில் ஒட்டிய காந்தப் பட்டையைப் பிடித்து ஓடும் ஆளில்லா வண்டியான ஏஜிவி மூன்று என்று ஒரு கம்பெனி விலை கொடுத்திருக்கிறது. தானே வழி பார்த்து ஓடும் ரோபோ வண்டியான ஏஎம்ஆர் மூன்று என்று இன்னொரு கம்பெனி, விலை ஏறத்தாழ இரண்டு மடங்கு. "பட்டை ஒட்டுவதெல்லாம் பழைய காலம் மேடம்" என்கிறார் அந்த விற்பனையாளர். அப்பாவுக்கு இரண்டிலுமே நம்பிக்கை இல்லை. எதை வாங்கலாம்?

பதில்:

வணக்கம். அளவுகளோடு எழுதியதற்கு நன்றி. எனக்கு வரும் கடிதங்களில் விலைப்பட்டியல் இருக்கும், நடைபாதை அகலம் இருக்காது. உங்கள் கடிதத்தில் அது இருப்பதால் நேராகவே சொல்லிவிடுகிறேன். குடோனில் அந்த 80 மீட்டர் பாதைக்கு ஏஜிவி போதும், அதிலும் இரண்டு போதும். ஏஎம்ஆர் வாங்கத்தான் வேண்டும் என்றால் அதற்கான இடம் உங்கள் பாக்கெட் பிரிவு. இரண்டில் எதை வாங்கினாலும் அதற்கு முன்பு அந்த சாய்தளத்துக்கு ஒரு வழி பண்ணியாக வேண்டும்.

"பழைய காலம்" என்று அவர் சொன்னதில் பாதி உண்மை. அமெரிக்காவில் பாரெட் என்ற கம்பெனி 1950களிலேயே கம்பியைத் தொடர்ந்து ஓடும் ஆளில்லா இழுவண்டியைச் செய்துவிட்டது. அப்புறம் கம்பி தரைக்குள் போனது, காந்தப் பட்டை வந்தது, சுவரில் ஒட்டிய பிரதிபலிப்பான்களை லேசரால் பார்த்து ஓடும் வண்டி வந்தது. ஏஎம்ஆர் என்பது இவை எதுவும் இல்லாமல் லைடார் எனப்படும் லேசர் ஸ்கேனரால் சுவரையும் தூணையும் பார்த்து, தன்னிடம் இருக்கும் வரைபடத்தோடு ஒப்பிட்டு, தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டு ஓடுவது. ஆனால் ஒன்று கவனியுங்கள். அமேசான் 2012-ல் 77.5 கோடி டாலர் கொடுத்து வாங்கிய கீவா ரோபோக்கள் தரையில் ஒட்டிய கட்டக் குறியீடுகளைப் படித்துத்தான் ஓடின. உலகத்திலேயே அதிகம் பேசப்பட்ட கிடங்கு ரோபோவே தரையில் ஒட்டியதை நம்பித்தான் இருந்தது. அதனால் பட்டை என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம்.

ஏஎம்ஆருக்கு இரண்டு மடங்கு விலை கேட்பதற்குச் சொல்லப்படும் முதல் காரணம், வழியில் ஏதாவது கிடந்தால் அது சுற்றிக்கொண்டு போகும் என்பது. ஏஜிவி நின்று ஒலி எழுப்பும், யாராவது வந்து எடுத்துவிட்டால்தான் நகரும். காட்டப்படும் வீடியோவில் ரோபோ அழகாக வளைந்து போகும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வீடியோவில் நடைபாதை எத்தனை மீட்டர் என்று பாருங்கள்.

ஆளில்லா வண்டிகளுக்கான பாதுகாப்புத் தரம் ஐஎஸ்ஓ 3691-4. ஏஜிவி, ஏஎம்ஆர் இரண்டுமே அதற்குள்தான் வருகின்றன. ஆட்கள் நடமாடும் இடத்தில் வண்டியின் இரண்டு பக்கமும் அரை மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்கிறது அது. ஆள் சுவருக்கும் வண்டிக்கும் நடுவே நசுங்கக் கூடாது என்பதற்காக. உங்கள் பேலட் 1 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், சரக்கோடு ஓட 2 மீட்டர் வேண்டும். உங்களிடம் 2.4 இருக்கிறது, சரி. இப்போது ஒருவர் டீ குடிக்கப் போகும் அவசரத்தில் ஒரு பேலட்டை நடைபாதை ஓரத்தில் விட்டுவிட்டுப் போகிறார். மிச்சம் 1.4 மீட்டர். எவ்வளவு புத்திசாலி ரோபோவாக இருந்தாலும் அங்கே நிற்கத்தான் வேண்டும். அதாவது எந்தத் திறமைக்காகக் கூடுதல் பணம் கேட்கிறார்களோ அந்தத் திறமையைக் காட்ட உங்கள் குடோனில் இடமே இல்லை.

இரண்டு வண்டிகள் எதிரும் புதிருமாக வந்தாலும் அதே கதைதான். இரண்டு சரக்கு, மூன்று இடைவெளி என்று கூட்டினால் 3.5 மீட்டர் வேண்டும். அதனால் பாதையின் நடுவில் ஓர் ஒதுங்குமிடம் விடச் சொல்லுங்கள். கோத்தகிரி ரோட்டில் இறங்கும் வண்டி ஒதுங்கி நின்று ஏறும் வண்டிக்கு வழிவிடுவது மாதிரி, காலி வண்டி ஒதுங்கி நின்று சரக்கு வண்டிக்கு வழிவிட்டால் போதும். இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம்.

இரண்டாவது காரணம், இடம் மாறினாலும் ஏஎம்ஆர் சமாளிக்கும் என்பது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, விற்பனையாளர்கள் அதைப் பேசுவதில்லை. பாதை மாறினால் ஏஎம்ஆர் சமாளிக்கும், அது உண்மை. கணினியில் கோட்டை மாற்றி வரைந்தால் முடிந்தது. ஆனால் சுற்றுச்சூழலே மாறினால்? அது சுவரையும் தூணையும் பார்த்துத்தான் தன் இடத்தைத் தெரிந்துகொள்கிறது. உங்கள் குடோனில் ரேக் கிடையாது, மூட்டைகளைத் தரையில் அடுக்குகிறீர்கள். ஏலச் சரக்கு நிறைந்திருக்கும் வாரம் சுவர் முழுக்க மறைந்திருக்கும். டெலிவரி ஆர்டர் வந்து நாலு லாரி ஏற்றி முடித்ததும் அதே இடம் மைதானமாகிவிடும். நேற்று வரைபடத்தில் இருந்த 'சுவர்' இன்றைக்கு இல்லை. இப்படி ஒரே நாளில் பாதிக்கு மேல் மாறும் இடத்தில் ரோபோ தடுமாறும், சில சமயம் தன் இடத்தைத் தவறவிட்டு நின்றுவிடும். இதற்குத் தீர்வு இருக்கிறது. தூண்களில் உயரமான இடத்தில் பிரதிபலிப்பான் ஒட்டுவார்கள், தரையில் குறியீடு பதிப்பார்கள். சரி, அதையும் ஒட்டத்தான் வேண்டும் என்றால் பட்டை ஒட்டினால் என்ன?

பட்டைக்கும் குறை உண்டு. கைவண்டியின் சிறு சக்கரம் திரும்பத் திரும்ப ஏறினால் ஓரம் பெயரும், பேலட்டைத் தரையோடு இழுத்தால் கிழியும். தரையில் மெல்லிய பள்ளம் வெட்டி அதற்குள் பட்டையை வைத்து மேலே பூசச் சொல்லுங்கள், நீண்ட நாள் தாங்கும். குறியீட்டு ஸ்டிக்கரை ஏஜிவி கம்பெனி மாற்றாகச் சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். டஸ்ட் கிரேடு எனும் தூள் தேயிலை கையாளும் குடோனில் ஒரு வாரத்தில் தேயிலைத் தூள் படிந்து மூடிவிடும், துடைக்க ஓர் ஆள் வைக்க வேண்டியிருக்கும்.

இந்தத் தரை வேலை பற்றி ஓர் எச்சரிக்கை. தேயிலை வாசனையை இழுத்துக்கொள்ளும் என்பது உங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. டீசல் ஃபோர்க்லிஃப்டை உள்ளே விடாததும் அதற்காகத்தான். ஆனால் எபாக்சி என்ற பிசின் பூசித் தரை போட வரும் ஒப்பந்தக்காரருக்கு அது தெரியாது. சரக்கை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு மறுபக்கம் பூசுகிறேன் என்பார். விடாதீர்கள். கட்டடம் காலியாக இருக்கும்போது பூசி, வாசனை முழுக்கப் போன பிறகே மூட்டையை உள்ளே கொண்டுவாருங்கள். பேட்டரியும் லித்தியமாகவே இருக்கட்டும். ஈய அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது வாயு விடும், தனி அறை கேட்கும். லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு உண்டு. ஊட்டியில் தலைக்குந்தா பக்கம் உறைபனி விழும் இடத்தில் ஷெட் போட்டிருந்தால் அதைப் பெரிதாகப் பேசியிருப்பேன். குன்னூரில் கட்டடத்துக்குள் அந்தக் கவலை இல்லை.

குன்னூரின் கவலை பனிமூட்டம். நீங்கள் அதை எழுதவில்லை, ஆனால் எனக்கு இதுதான் முதலில் தோன்றியது. இரண்டு வகை வண்டியிலும் முன்னால் ஒரு பாதுகாப்பு லேசர் ஸ்கேனர் இருக்கும். கட்டடத்துக்குள் ஓடுவதற்காகச் செய்யப்பட்ட ஸ்கேனருக்கு அடர்ந்த மூட்டமும் தடைதான். லேசர் ஒளி நீர்த்துளிகளில் பட்டுச் சிதறித் திரும்பினால் எதிரே ஏதோ இருக்கிறது என்று முடிவு செய்து வண்டியை நிறுத்திவிடும். நவம்பரில் லாரி வாசலைத் திறந்து வைத்தால் மூட்டம் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்று உங்களுக்குத் தெரியும். பட்டையைப் பிடித்து ஓடும் ஏஜிவிக்கு வழி தெரிவதில் மூட்டத்தால் தொல்லை இல்லை, ஆனால் பாதுகாப்பு ஸ்கேனர் அதையும் நிறுத்தும். ஏஎம்ஆருக்கு இரண்டு பக்கமும் அடி. வழி பார்ப்பதும் லேசர், பாதுகாப்பும் லேசர். மழை, மூட்டம் தாங்கும் வெளிப்புற ஸ்கேனர்கள் கிடைக்கின்றன, விலை கூடும். அதைவிட, வண்டியின் எல்லையை வாசலிலிருந்து பத்துப் பதினைந்து மீட்டர் உள்ளேயே முடித்துவிடுவது எளிது. லாரியிலிருந்து அந்த இடம் வரை மனிதர் ஓட்டும் மின்சார பேலட் டிரக் ஒன்று போதும். மூட்டத்தைத் தடுக்கிறேன் என்று வாசலில் பிவிசி கீற்றுத் திரை மட்டும் மாட்டாதீர்கள். ஸ்கேனருக்கு அது சுவர். வேகமாகச் சுருண்டு திறக்கும் கதவு போடலாம்.

இந்த ஏற்பாட்டில், முற்றத்துக்குக் காட்டெருமை வந்தாலும் கவலை இல்லை. வண்டி வெளியே போகவே போகாது.

இனி சாய்தளம். 6 மீட்டரில் 60 சென்டிமீட்டர் என்றால் 10 சதவீதச் சரிவு. இந்த வகை வண்டிகளின் விவரத்தாளில் பெரும்பாலும் 3 முதல் 5 சதவீதம்தான் போட்டிருப்பார்கள். 5 சதவீதத்துக்கே 12 மீட்டர் நீளம் வேண்டும், 3 சதவீதத்துக்கு 20 மீட்டர். ஏறுவதைவிட இறங்குவதுதான் சிக்கல். 600 கிலோவோடு இறங்கும்போது நிற்கும் தூரம் நீளும், அதற்குத் தக்கபடி வேகத்தைக் குறைக்க வேண்டும், வழவழப்பான காகித மூட்டை முன்னால் சரியும். சாய்தளம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் ஸ்கேனர் தரையையே தடையாகப் பார்த்துத் தொலைக்கும். இரண்டு விலைப்பட்டியலிலும் இந்த சாய்தளத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்றால், வந்து பார்த்தவர் அளக்கவில்லை என்று அர்த்தம். நீட்ட இடம் இருந்தால் நீட்டுங்கள். இல்லையென்றால் நான் சொல்வது இதுதான்: அந்த இடத்தில் ஒரு கத்தரி லிஃப்ட் மேஜை, அதாவது கத்தரி போல விரிந்து மடங்கும் கால்களால் மேலும் கீழும் போகும் மேஜை. மேல் கட்டடத்தில் ஒரு வண்டி, கீழ்க் கட்டடத்தில் ஒரு வண்டி, நடுவில் பேலட்டை மட்டும் ஏற்றி இறக்குவது. வண்டிகள் சந்திக்கவே வேண்டாம், மேலே சொன்ன ஒதுங்குமிடமும் தேவைப்படாது. 110 நடைக்கு லிஃப்ட் ஈடுகொடுக்குமா என்று கேட்பீர்கள். 8 மணி நேரத்தில் 110 என்றால் நாலு நிமிஷத்துக்குச் சற்று மேலான இடைவெளியில் ஒரு தடவை. 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு இது தாராளம்.

மூன்று வண்டி ஏன் வேண்டாம் என்பதற்கும் கணக்கு உண்டு. ஆட்கள் நடமாடும் இடத்தில் நின்று நிதானித்து ஓடும்போது சராசரி வேகம் விநாடிக்கு 0.7 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 மீட்டர் போய்வர சுமார் நாலு நிமிஷம். எடுக்க ஒரு நிமிஷம், வைக்க ஒரு நிமிஷம். ஆக ஆறு நிமிஷம், மணிக்குப் பத்து நடை. சார்ஜுக்கும் சாப்பாட்டு நேரத்துக்கும் கழித்து 7 மணி நேரம் என்றால் ஒரு வண்டிக்கு 70 நடை. சாதாரண நாளுக்கு ஒன்றே இழுத்துக்கொண்டு ஓடும், ஏல நாளுக்கு இரண்டு. பாதையை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றின் தூரமும் குறைந்துவிடுவதால் ஏல நாளையும் தாங்கும். ஒன்று பழுதானால் அந்த மின்சார பேலட் டிரக் கைகொடுக்கும். மூன்றாவது வண்டிக்கான பணத்தில் பேலட்டும் லிஃப்டும் பாருங்கள்.

பேலட் என்றதும் ஆள் விஷயத்துக்கு வருகிறேன். இதில் உங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம் இருக்கலாம். இந்த வண்டிகள் பேலட்டைத்தான் நகர்த்தும், மூட்டையைத் தொடாது. லாரியிலிருந்து மூட்டையை இறக்கி பேலட்டில் அடுக்குவதும், பாக்கெட் பிரிவில் மூட்டையைத் தூக்கிக் கொட்டுவதும் மனிதர் வேலையாகவே இருக்கும். இழுக்கும் வேலை குறையும், தூக்கும் வேலை குறையாது. விற்பனையாளர் "இத்தனை ஆள் குறையும்" என்று எழுதிக் கொடுத்திருந்தால் அதில் பாதியை அடித்துவிட்டுப் பாருங்கள். ஆனால் அப்பாவிடம் சொல்ல வேறொன்று இருக்கிறது. கீழே கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் போய்விடும் பையன்கள் முதுகு உடையும் வேலை என்பதாலும்தான் போகிறார்கள். நாளெல்லாம் சாய்தளத்தில் கைவண்டி தள்ளும் வேலை இல்லாமல் போனால் இருப்பவர்கள் தங்குவார்கள். லோடு மேன்களிடம் இதை இப்போதே, வண்டி வரும் முன்பே பேசுங்கள். மறைத்து வைத்துவிட்டு ஒரு நாள் காலையில் ரோபோவை இறக்கினால் பட்டை தானாகக் கிழியாது, கிழிக்கப்படும்.

எல்லா பேலட்டும் ஒரே அளவாக இருக்கட்டும். முள்கரண்டி வகை வண்டி வாங்கினால் அடிப்பலகை மூடிய பேலட் ஆகாது. அடியில் நுழைந்து தூக்கும் வகை என்றால் ஒவ்வொரு பேலட்டையும் ஒரு ஸ்டாண்டின் மேல் வைக்க வேண்டும், அந்தச் செலவு பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். மூட்டை உப்பி பேலட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஸ்கேனருக்குத் தெரியாது. அது கணுக்கால் உயரத்தில் பார்க்கிற கண். ஸ்ட்ரெச் ஃபிலிம் சுற்றித்தான் அனுப்ப வேண்டும்.

பாக்கெட் பிரிவு வேறு உலகம். அகலமான ஹால், சிறு பெட்டிகள், ஏழெட்டு மேஜைகள், தீபாவளிக்கு முன் மேஜைகளையே இடம் மாற்றிப் போடுவீர்கள், குறுக்கும் நெடுக்கும் ஆட்கள். நூறு கிலோ சுமக்கும் சிறிய ஏஎம்ஆர் அங்கே நன்றாக வேலை செய்யும். சுவர் கண்ணுக்குத் தெரியும், சுற்றிப் போக இடமிருக்கும், பாதை நிஜமாகவே மாறும். குடோன் ஒரு வருடம் ஓடிய பிறகு யோசியுங்கள். இந்தியாவிலேயே கிரேஆரஞ்சு, அட்வெர்ப் போன்ற கம்பெனிகள் கிடங்கு ரோபோ செய்கின்றன, வெளிநாட்டு விலையை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். இப்போது வாங்கும் ஏஜிவியிலேயே விடிஏ 5050 என்ற பொது இணைப்பு முறை இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். வேறு கம்பெனி வண்டியோடு பின்னால் ஒரே மென்பொருளில் சேர்க்க அது உதவும்.

மலையில் இருப்பவர்களுக்கு மட்டும் உள்ள கேள்வி: பழுது பார்க்க யார், எங்கிருந்து வருவார்? மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் இன்ஜினியர் கோத்தகிரி சுற்றி வர வேண்டும், சில நாள் அதுவும் இல்லை. பட்டை பெயர்ந்தால் உங்கள் எலக்ட்ரீஷியனே ஒட்டிவிடுவார். ஏஎம்ஆர் வரைபடம் குழம்பினால் அதைத் திருத்த உங்கள் ஆளுக்குப் பயிற்சி தருவார்களா, கடவுச்சொல் தருவார்களா என்று கேளுங்கள். பலர் தரமாட்டார்கள். கரண்ட் போனாலும் வண்டி பேட்டரியில் ஓடும், ஆனால் வைஃபையும் சர்வரும் அணைந்துவிட்டால் உத்தரவு வராமல் நிற்கும். இரண்டையும் யூபிஎஸ்ஸில் போடுங்கள். அந்தக் காலத்துக் கல் சுவர் வைஃபையை விழுங்கும், கட்டடத்துக்கு இரண்டு மூன்று இணைப்புப் பெட்டிகளாவது ஆகும். மின்னலுக்குத் தடுப்பும் வையுங்கள்.

கடைசியாக, ஆர்டர் கொடுக்கும்போது பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, சோதனை எப்படி நடக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். அவர்களுடைய தொழிற்சாலையில் ஓட்டிக் காட்டுவது கணக்கில் சேராது. உங்கள் குடோனில், உங்கள் மூட்டையோடு, ஏலச் சரக்கு வெளியேறும் நாளில், வாசல் திறந்திருக்க, வடகிழக்குப் பருவமழை மூட்டம் இறங்கும் நவம்பரில் ஒரு வாரம் ஓட வேண்டும். மனிதர் கை வைத்துக் கிளப்பிவிட்ட ஒவ்வொரு நிறுத்தத்தையும் உங்கள் ஆள் ஒரு நோட்டில் எழுத வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை நிறுத்தம் வரை சரி என்பதை முன்கூட்டியே இரு தரப்பும் பேசி ஒப்பந்தத்தில் போட்டுக்கொள்ளுங்கள். இந்த நிபந்தனையைப் பார்த்ததும் யார் முகம் சுளிக்கிறார் என்று பாருங்கள். அந்த நோட்டை அப்பாவே வைத்துக்கொள்ளட்டும். நம்பிக்கை இல்லாதவர் எழுதும் கணக்குதான் சரியாக இருக்கும்.